பாமர்ஸ் பிரிட்ஜும் நம் வீட்டுக் கிணறும்
(அறிவியல் பகுதி: பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க)



குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நம் பிள்ளைகள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். கிணறு, குழாய், நெய்யாறு என்று வரிசையாக அடுக்குவார்கள். குளியலறையிலும் கழிப்பறையிலும் நாம் ஊற்றிய நீர் எங்கே போகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பள்ளியில் பல ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். பெரியவர்களிடம் கேட்டாலும் "டாங்கில் போகிறது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட நாம் முதலில் கல்கத்தாவுக்குப் போக வேண்டும். 2001 முதல் கொல்கத்தா என்று பெயர் மாறிய அந்நகரின் கிழக்குப் பகுதியில் பாமர்ஸ் பிரிட்ஜ் கழிவுநீர் இறைப்பு நிலையம் இருக்கிறது. விக்டோரியா மகாராணி காலத்தில் (1837–1901) அமைக்கப்பட்ட வடிகால் திட்டத்தைச் சேர்ந்தது அது. நீராவி போய் மின்சாரம் வந்துவிட்டது. பம்புகள் பலமுறை மாறிவிட்டன. ஆனால் இடம் அதுதான், செய்யும் வேலையும் அதுதான். இன்றும் மழைக்காலத்தில் கல்கத்தாத் தெருக்களில் தண்ணீர் வடிய வேண்டுமானால் அந்த நிலையம் ஓட வேண்டும்.

சாக்கடையை ஏன் மேலே ஏற்ற வேண்டும்?

தண்ணீர் தானாகவே பள்ளத்தை நோக்கி ஓடும். பாதாளச் சாக்கடையும் இந்த இயல்பை நம்பித்தான் அமைக்கப்படுகிறது. குழாயைச் சரிவாகப் பதித்தால் கழிவுநீர் தானே ஓடும். வேகம் குறைந்தால் மணலும் கசடும் அடியில் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வேகமாவது இருக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். 500 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு முனையில் 1 மீட்டர் ஆழத்தில் தொடங்கும் குழாய், சமதரையில் 5 கிலோமீட்டர் சென்றால் எவ்வளவு ஆழத்தில் இருக்கும்? 10 மீட்டர் இறங்கி, 11 மீட்டர் ஆழத்தில் இருக்கும். நம் ஊர்க் கிணற்றின் ஆழம்! அதற்குமேல் தோண்டிக்கொண்டே போக முடியாது. கடைசியில் சேர வேண்டிய ஆறோ வாய்க்காலோ இதைவிட உயரத்தில் இருக்கும். எனவே அவ்விடத்தில் ஒரு பெரிய கிணறு அமைத்து, கழிவுநீரை அதில் சேர்த்து, இறைத்து மேலே ஏற்றுகிறார்கள். அங்கிருந்து அது மறுபடியும் சரிவில் ஓடத் தொடங்கும். இதுவே இறைப்பு நிலையத்தின் வேலை.

கல்கத்தாவோ கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ள சமதரை. அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. ஹூக்ளி ஆற்றின் கரை மேடாகவும், அதிலிருந்து விலகிக் கிழக்கே போகப் போக நிலம் தாழ்வாகவும் இருக்கும். ஆறு கொண்டுவந்த வண்டல் கரையோரம் அதிகமாகப் படிந்ததே காரணம். ஆகவே நகரத்தின் இயற்கையான வடிகால் மேற்கே உள்ள ஆற்றை நோக்கி இல்லை. கிழக்கே உள்ள உப்பு ஏரிகளை நோக்கியே உள்ளது.

இதைப் புரிந்துகொண்டு திட்டம் வகுத்தவர் வில்லியம் கிளார்க் என்ற பொறியாளர். 1855-இல் அவர் திட்டத்தை முன்வைத்தார். 1859-இல் தொடங்கிய பணி 1875-இல் நிறைவேறியது. செங்கல்லால் கட்டிய பெரிய சுரங்கச் சாக்கடைகள் மழைநீரையும் வீட்டுக் கழிவுநீரையும் சேர்த்தே கிழக்கு நோக்கிக் கொண்டுசென்றன. பாமர்ஸ் பிரிட்ஜில் அவை மேலே இறைக்கப்பட்டுக் கால்வாயில் விடப்பட்டன.

அக்காலத்துப் பெரிய சாக்கடைகள் பலவற்றின் குறுக்குவெட்டு முட்டை வடிவம் உடையது. கூர்முனை கீழே இருக்கும். கோடையில் நீர் குறைவாக வரும்போது அந்தக் குறுகிய அடிப்பகுதியில் மட்டும் ஓடுவதால் வேகம் குறையாது. மழையில் பெருகி வரும்போது அகன்ற மேற்பகுதி இடம் கொடுக்கும். பிள்ளைகள் ஒரு முட்டையைக் கையில் வைத்துப் பார்த்தால் இது விளங்கிவிடும்.

நீராவி ஏற்றம்

நம் தாத்தா காலத்தில் வயலுக்கு நீர் இறைக்க ஏற்றம் இருந்தது. ஒரு தூணின் மேல் நீண்ட துலா. ஒரு முனையில் சால். துலாவின் மேல் ஆள் நடந்தால் ஒரு முனை தாழும், மறுமுனை உயரும். விக்டோரியா காலத்து நீராவி இறைவை இயந்திரமும் இதே தத்துவந்தான். துலா மரத்துக்குப் பதில் இரும்பு உத்தரம். மேலே நடக்கும் ஆளுக்குப் பதில் நீராவி. சாலுக்குப் பதில் பம்பு.

லண்டனுக்குத் தென்கிழக்கே கிராஸ்னெஸ் என்ற இடத்தில் இத்தகைய நான்கு இயந்திரங்கள் 1865 ஏப்ரல் 4-ஆம் நாள் இயக்கி வைக்கப்பட்டன. ஒவ்வோர் உத்தரமும் 47 டன் எடை. அதைச் சீராகச் சுழலவைக்கும் சக்கரம் 52 டன். இன்று அது காட்சிக்கூடம். பல ஆண்டுகள் துருப்பிடித்துக் கிடந்த ஓர் இயந்திரத்தைத் தன்னார்வத் தொண்டர்கள் செப்பனிட்டு 2003-இல் மறுபடியும் ஓடவைத்தார்கள்.

லண்டனின் வடகரையில் 1868-இல் கட்டி முடிக்கப்பட்ட ஆபி மில்ஸ் நிலையமும் புகழ் பெற்றது. கோயில்போல் கோபுரமும் வளைவுகளுமாகக் கட்டியதால் அதைச் 'சாக்கடையின் தேவாலயம்' என்றே வேடிக்கையாக அழைப்பார்கள். அங்கும் நீராவி இயந்திரங்கள் எட்டு இருந்தன. 1930-களில் மின்சாரப் பம்புகள் வந்தன. 1997-இல் பக்கத்திலேயே புதிய நிலையம் எழும்பியபின், பழையது துணை நிலையமாக வைக்கப்பட்டது.

ஆங்கிலேயர் ஏன் இவ்வளவு செலவு செய்தார்கள்? அன்பினால் அல்ல; பயத்தினால். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் அவர்களுடைய நாடாளுமன்றமே தவித்தது. சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதன்பிறகே ஜோசப் பசல்கெட் என்ற பொறியாளரின் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது.

நாற்றத்தைவிடப் பெரிய பயம் வாந்திபேதி. இதில் இரண்டு நிகழ்ச்சிகளை நம் குடும்பங்கள் மறக்கக் கூடாது.

முதலாவது 1854-இல் லண்டன் பிராட் தெருவில் நடந்தது. சில வாரங்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாக விசாரித்து, இறந்தவர்கள் பெரும்பாலும் ஒரே தெருக் குழாய்க் கிணற்றில் நீர் எடுத்தவர்கள் என்று காட்டினார். பிறகு தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது என்ன? அந்தக் கிணற்றிலிருந்து ஏறத்தாழ மூன்றே அடி தூரத்தில் ஒரு வீட்டின் பழைய மலக்குழி இருந்தது. நோயுற்ற குழந்தையின் துணியை அலசிய நீரை அந்தக் குழியில்தான் ஊற்றியிருக்கிறார்கள். கிணற்று நீரோ பார்வைக்குத் தெளிவாகவும் சுவையாகவுமே இருந்தது!

இரண்டாவது 1866-இல் நடந்தது. அவ்வாண்டு லண்டனின் கிழக்குப் பகுதியில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாந்திபேதியால் இறந்தனர். நகரின் பிற பகுதிகள் பெரும்பாலும் தப்பின. காரணம், கிழக்குப் பகுதிச் சாக்கடை இன்னும் முழுத் திட்டத்தோடு இணைக்கப்படவில்லை. ஆபி மில்ஸ் நிலையம் அப்போது பாதிக் கட்டடமாக நின்றது. அசுத்தமான நீர் குடிநீர்த் தேக்கத்தில் கலந்துவிட்டது. நிலையம் முடிய இன்னும் இரண்டே ஆண்டுகள்!

கல்கத்தா கற்றுக்கொடுத்தவை

வாந்திபேதியின் சொந்த ஊர் வங்காளம் என்றே உலகம் சொல்லி வந்தது. 1884-இல் ஜெர்மன் விஞ்ஞானி இராபர்ட் காக் கல்கத்தாவில் நோயாளிகளிடமும் அவர்கள் பயன்படுத்திய குளத்து நீரிலும் காற்புள்ளி வடிவக் கிருமியைக் கண்டு காட்டினார். அந்தக் கிருமி வெளியிடும் நச்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பதை 1959-இல் கல்கத்தாவிலேயே ஆராய்ந்து நிறுவியவர் டாக்டர் சம்பு நாத் தே. 1971-இல் வங்காள எல்லையில் உள்ள பன்கான் அகதி முகாமில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றியவர் டாக்டர் திலீப் மகலனோபிஸ். இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பெருமை அந்த முகாமில்தான் உலகுக்கு விளங்கியது.

பாமர்ஸ் பிரிட்ஜிலிருந்து வெளியேறிய கழிவுநீருக்கு என்ன ஆயிற்று என்பதும் சுவையான கதை. முதலில் அது வித்யாதரி என்ற ஆற்றில் விழுந்தது. அந்த ஆறு வண்டலால் தூர்ந்து, 1928-இல் 'இறந்த ஆறு' என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் கல்கத்தா மாநகராட்சிப் பொறியாளர் டாக்டர் பி.என். தே வகுத்த திட்டப்படி குல்டி ஆற்றுக்கு நீண்ட கால்வாய் வெட்டி 1943-இல் முடித்தார்கள்.

இடைப்பட்ட நிலத்து மீனவர்களும் உழவர்களும் கழிவுநீரைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடவில்லை. அதை ஆழமில்லாத குளங்களில் தேக்கி வெயிலில் விட்டார்கள். பாசி வளர்ந்து நீரில் உயிர்வாயு பெருகியது, கிருமிகள் குறைந்தன, பாசியைத் தின்று மீன் வளர்ந்தது. வடிந்த நீர் காய்கறிக்கும் நெல்லுக்கும் பாய்ந்தது. பிறர் சுத்திகரிப்பு ஆலைக்குச் செய்யும் செலவைக் கல்கத்தாவுக்கு வெயிலும் மீனும் பெருமளவு மிச்சப்படுத்தின. இந்த உண்மையை உலகுக்கு எடுத்துரைத்தவர் துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர். 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நீர்நிலைகள் 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றன.

நம் தலைநகரில்

திருவனந்தபுரத்தில் பாதாளச் சாக்கடை 1940-களில், மன்னர் ஆட்சிக் காலத்தில் வந்தது. அங்கும் தத்துவம் அதேதான். தாழ்வான இடங்களில் சேரும் கழிவுநீரை இறைப்பு நிலையங்கள் மேலே ஏற்றி அனுப்புகின்றன. குரியாத்தி நிலையம் அவற்றுள் முக்கியமானது. பல ஆண்டுகள் அந்த நீர் வலியதுறைப் பண்ணையில் மாட்டுத் தீவனப் புல்லுக்குப் பாய்ந்தது. 2013-இல் முட்டத்தறையில் நாள் ஒன்றுக்கு 10 கோடியே 70 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கக்கூடிய ஆலை இயங்கத் தொடங்கியது.

இந்த வேலையில் ஈடுபடும் மனிதர்களையும் நினைக்க வேண்டும். கையால் மலம் அள்ளுவதையும், பாதுகாப்பின்றிச் சாக்கடையில் ஆளை இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. அப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் கூறியது. ஆயினும் 2024 ஜூலையில் திருவனந்தபுரம் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அந்தத் தோட்டை அடைத்துக் கிடந்தது ஊரார் வீசிய பிளாஸ்டிக். இதே நகரத்தில்தான் 2018-இல் இளம் பொறியாளர்கள் சாக்கடைக் குழியில் இறங்கிச் சுத்தம் செய்யும் 'பாண்டிகூட்' என்ற இயந்திரத்தை உருவாக்கினார்கள். பாண்டிகூட் என்றால் நம் பெருச்சாளி! தெலுங்கின் 'பந்திகொக்கு' என்ற சொல்லே ஆங்கிலத்தில் அப்படி ஆயிற்று.

பாறசாலையில் யார் இறைக்கிறார்கள்?

இப்போது நம் வாசலுக்கு வருவோம். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் பாதாளச் சாக்கடை இல்லை. களியக்காவிளை, அமரவிளை, பாலராமபுரம் என்று நம் குடும்பங்கள் பரவியிருக்கும் ஊர்களிலெல்லாம் இதே நிலைதான். ஆகவே ஒவ்வொரு வீடும் தனக்குத் தானே சாக்கடைத் துறை. கிளார்க்கும் இல்லை, பசல்கெட்டும் இல்லை. வீட்டுத் தலைவரும் தலைவியுமே பொறியாளர்கள்.

அதோடு கேரளத்தைப்போல் கிணறுகள் நெருங்கியுள்ள நிலப்பகுதி உலகிலேயே அரிது. நம் செம்மண்ணும் சொறிக்கல்லும் நீரை எளிதில் உறிஞ்சி விடும். ஐந்து சென்ட், ஆறு சென்ட் மனைகளில் கிணறும் கழிப்பறைக் குழியும் பக்கத்தில் பக்கத்தில் அமைகின்றன. நம் குழி நம் கிணற்றுக்கு எட்டத்தில் இருந்தாலும், அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு அருகில் இருக்கலாம். 2024 ஜூலையில் நெய்யாற்றின்கரையில் ஒரு காப்பகத்தில் தங்கியிருந்தவர்களுக்கு வாந்திபேதி உறுதி செய்யப்பட்டது நினைவிருக்கும். பிராட் தெரு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட முடியாது.

நான் பல வீடுகளில் கேட்ட ஒரு பெருமைப் பேச்சு உண்டு. "எங்கள் டாங்க் கட்டி இருபது வருஷம் ஆச்சு சார், ஒரு தடவைகூட நிறையல்ல." இது பெருமைப்பட வேண்டிய செய்தி அல்ல. அடியும் சுவரும் ஒழுங்காகப் பூசப்பட்ட செப்டிக் டாங்கில் கசடு சேர்ந்துகொண்டே வரும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை எடுத்தாக வேண்டும். நிறையவே இல்லை என்றால் பெரும்பாலும் அது டாங்க் அல்ல, அடியில்லாத குழி. உள்ளே போனதெல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. மண்ணுக்குள் இறங்கும் நீர் கிணற்றை நோக்கித்தான் நகரும். ஏனென்றால் மோட்டார் போட்டு நாமே கிணற்று நீர்மட்டத்தைத் தாழ்த்தி அதை அழைக்கிறோம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஒரு நாடாவை எடுத்து, உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். கேரளக் கட்டட விதிகளின்படி குறைந்தது 7.5 மீட்டர் வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் இதே கணக்குத்தான். அண்டை வீட்டாருடன் சண்டைக்குப் போகாமல், இரு வீட்டாரும் சேர்ந்தே அளப்பது நல்லது.

2. ஆண்டுக்கு ஒருமுறையாவது கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தெளிவாக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது பரிசோதனை ஆகாது. கோலிபார்ம், ஈகோலை ஆகிய கிருமிகளுக்கான சோதனையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

3. பிளீச்சிங் பவுடர் போடத் தெரிந்துகொள்ளுங்கள். வட்டக் கிணற்றில் ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கினால் கனமீட்டர் கிடைக்கும். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீர் என்றால் 3.14 × 1 × 1 × 3 = 9.42 கனமீட்டர், அதாவது 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் ஏறக்குறைய 24 கிராம் பவுடர் வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகும் நோய் பரவும் காலத்திலும் இதை இரட்டிப்பாக்க வேண்டும். பவுடரை வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின், மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழிந்தே நீர் எடுக்க வேண்டும். மாலையில் போட்டால் காலைக்கு வசதி.

4. குடிக்கும் நீரை நன்றாகக் கொதிக்க வைத்தே குடியுங்கள். கொதித்த நீரில் பச்சை நீரைக் கலந்து ஆற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

5. டாங்கைச் சுத்தம் செய்ய லாரி வரும்போது, கசடு எங்கே கொண்டுபோகப்படுகிறது என்று கேளுங்கள். உரிமம் உள்ளவரா என்று நகரசபையிலோ பஞ்சாயத்திலோ விசாரியுங்கள். குறைந்த கூலிக்கு வரும் லாரி இரவில் யாரோ ஒருவருடைய தோட்டிலோ வயலிலோ கொட்டிவிட்டுப் போகலாம். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கொட்டப்பட்ட திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாய உத்தரவின்பேரில் கேரளம் திரும்ப அள்ளிச் செல்ல நேர்ந்தது. எல்லையின் இருபுறமும் உறவுள்ளவர்கள் நாம். இங்கிருந்து போவது அங்கே நம் சித்தப்பா வீட்டுக் கிணற்றில் சேரலாம்.

6. யாரையும் டாங்கினுள் இறங்கவிடாதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். அங்குள்ள நச்சு வாயு இரண்டு மூச்சில் ஆளை வீழ்த்தும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்தே இறந்த நிகழ்ச்சிகள் நம் நாட்டில் பல.

7. வயிற்றுப்போக்கு கண்டால் உடனே ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டம் தட்டி அளந்து கலந்து கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பெரிய நகரங்களுக்கு இறைப்பு நிலையம் கட்டிக் கொடுக்க அரசு இருந்தது. நமக்கும் ஒருநாள் வரலாம். அதற்காக நகரசபையிலும் கிராம சபைக் கூட்டத்திலும் குரல் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் மலையாளத்தில் பேசத் தயங்கும் தாய்மார்கள் தமிழிலேயே பேசலாம். நம் ஊரில் அது எல்லோருக்கும் புரியும். அதுவரை நாடாவும், பிளீச்சிங் பவுடரும், கொதிநீர்ப் பானையுமே நம் பாமர்ஸ் பிரிட்ஜ்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

அ. உங்கள் வீட்டுக் கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் பெரியவர் துணையுடன் அளந்து, எத்தனை லிட்டர் நீர் உள்ளது என்று கண்டுபிடியுங்கள். எத்தனை கிராம் பிளீச்சிங் பவுடர் வேண்டும்?

ஆ. ஆயிரம் லிட்டர் நீரை 12 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, ஒரு குதிரைத்திறன் (746 வாட்) மோட்டாருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உராய்வு முதலிய இழப்பு இல்லை என்று கொள்க. (விடை: ஏறக்குறைய 158 வினாடி.)

இ. உங்கள் வீட்டின் படம் வரைந்து, கிணறு, கழிப்பறை, உறிஞ்சுகுழி, பக்கத்து வீட்டுக் கிணறு ஆகியவற்றைக் குறித்து, தூரங்களை எழுதுங்கள். வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். எல்லாப் படங்களையும் சேர்த்து ஒட்டினால் நம் தெருவின் நிலத்தடி நிலவரம் நமக்கே தெரிந்துவிடும்.